சைலன்சர் பூட்டிய ரைஃபிளுக்கு எத்தனை அங்குலக் குழல்?

1960-களின் பிற்பாதியில், வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்த அமெரிக்கச் சிறப்புப் படைகளுக்காக, கோல்ட் நிறுவனம் எம்16 ரைஃபிளின் 20 அங்குலக் குழலைச் சரிபாதியாகக் குறைத்து, 10 அங்குலக் குழல் கொண்ட ஒரு குட்டைத் துப்பாக்கியைச் செய்து கொடுத்தது. அடர்ந்த காட்டுக்குள் நடப்பதற்கும் ஹெலிகாப்டரின் இடுக்கில் உட்கார்வதற்கும் அது வசதியாகவே இருந்தது. ஆனால் ஒவ்வொரு முறை சுடும்போதும் குழல்வாயில் எழுந்த தீப்பிழம்பு கண்ணைக் கூசச் செய்தது. ஓசை பக்கத்தில் நின்றவரின் காதைப் பதம் பார்த்தது. போதாக்குறைக்கு, குண்டு வெளியேறிய மறுகணமே அழுத்தம் வடிந்துவிட்டதால் துப்பாக்கியின் உள்பொறி அடுத்த தோட்டாவை நம்பகமாக ஏற்றுவதற்கும் சிரமப்பட்டது. இத்தனைக்கும் மருந்தாகக் குழல் நுனியில் சுமார் நாலேகால் அங்குல நீளத்தில் ஒரு தணிப்பான் பூட்டப்பட்டது. அடுத்து வந்த எக்ஸ்எம்177ஈ2 என்ற வடிவத்தில் குழலையும் 11.5 அங்குலமாக நீட்டினார்கள். குழலில் குறைத்த நீளத்தில் ஒரு பகுதி தணிப்பானாகவும் ஒரு பகுதி குழலாகவுமே திரும்பி வந்துவிட்டது. அந்தத் தணிப்பானைப் பின்னாளில் அமெரிக்க அரசு சைலன்சர் என்றே வகைப்படுத்தியது.

இந்த வரலாற்றில் உள்ள கணக்குதான் இன்றும் சைலன்சர் பூட்டிய ரைஃபிளுக்குக் குழல் தேர்ந்தெடுப்பவர் ஒவ்வொருவரும் போட வேண்டிய கணக்கு. குழலுக்குள் செய்து முடிக்காத வேலை மறைந்துவிடுவதில்லை. அது அப்படியே சைலன்சரின் தலையில் ஏறுகிறது. எத்தனை அங்குலம் என்ற கேள்வியைக் குழலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு கேட்பது பாதிக் கேள்வியே. தோட்டா, குழலிலிருந்து கொஞ்சம் வாயுவை எடுத்துப் பொறியை இயக்கும் வாயுத் துளை, குழல், சைலன்சர் ஆகிய நான்கையும் ஒரே பொறியாகப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அந்த வேலை எது என்று முதலில் பார்ப்போம். வெடிமருந்து எரிந்து உண்டாகும் வாயு விரிந்து குண்டைத் தள்ளுகிறது. விரிய விரிய அதன் அழுத்தமும் வெப்பமும் குறைகின்றன. 5.56 மில்லிமீட்டர் தோட்டாவின் உறைக்குள் ஏறத்தாழ 1.9 கன சென்டிமீட்டர் இடம் இருக்கிறது. 20 அங்குலக் குழலின் நுனியைக் குண்டு அடையும்போது அந்த வாயு தன் தொடக்க அளவைப்போல் ஏறக்குறைய ஏழு மடங்கு இடத்தில் பரவியிருக்கும். 14.5 அங்குலக் குழலில் அது ஐந்தரை மடங்கை ஒட்டியும், 10.3 அங்குலக் குழலில் நான்கு மடங்கே ஆகவும் இருக்கும். இந்த விரிவு விகிதத்தைக் கொண்டு கணக்கிட்டால், 10.3 அங்குலக் குழலின் வாயில் எஞ்சியிருக்கும் அழுத்தம் 20 அங்குலக் குழலில் இருப்பதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு வருகிறது. அதாவது, நீளத்தைப் பாதியாக்கியவர் தன் சைலன்சரிடம் இரண்டு மடங்கு அழுத்தத்தையும், இன்னும் எரிந்து முடியாத மருந்துத் துகள்களையும் ஒப்படைக்கிறார்.

நம் ஊரில் சைலன்சர் என்றால் மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்தான் முதலில் நினைவுக்கு வரும். அந்த நினைவு இங்கே தடம் மாற்றுவதில்லை, உதவவே செய்கிறது. துப்பாக்கிக்கான சைலன்சருக்கு 1909-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ஹிராம் பெர்சி மாக்சிம், அதே கொள்கையை இயந்திரங்களின் புகைபோக்கிகளுக்கும் கொண்டுசென்றார். அழுத்தத்தோடு பாய்ந்து வரும் வாயுவை அடுத்தடுத்த அறைகளில் தடுத்து, சுழலவிட்டு, குளிரவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புவதுதான் இரண்டிலும் நடக்கிறது. சைலன்சர் அடக்குவது இந்த வாயுவின் வெடிப்போசையை மட்டுமே. நொடிக்கு 343 மீட்டர் அளவிலான ஒலி வேகத்தைத் தாண்டிப் பறக்கும் குண்டு காற்றைக் கிழிக்கும்போது எழும் சடீரென்ற ஓசையையோ, தோட்டாவை ஏற்றிக் குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட் என்ற இரும்புப் பாகம் முன்னும் பின்னும் மோதும் ஒலியையோ அது தொடுவதில்லை. சைலன்சர் இல்லாத 5.56 ரைஃபிளின் உச்ச ஓசை 160 டெசிபெலைத் தாண்டும். ஒருமுறை கேட்டாலே செவியைப் பாதிக்கக்கூடிய வெடிப்போசைக்கு எல்லையாகக் கொள்ளப்படுவது 140 டெசிபெல். நல்ல சைலன்சர் 20 முதல் 35 டெசிபெல் வரை குறைக்கும் என்று வைத்துக்கொண்டால், நீண்ட குழலில் அந்த எல்லைக்குக் கீழே வசதியாக வந்து நிற்கும் அதே சைலன்சர், குட்டைக் குழலில் எல்லைக்கோட்டிலேயே தடுமாறுவது ஏன் என்று புரியும். சைலன்சர் இருந்தாலும் காதுக்குப் பாதுகாப்பு அணிவதே சரி. குட்டைக் குழலில் அது கட்டாயம் என்றே நான் சொல்வேன்.

வேகத்தைப் பற்றிய கவலைதான் குழல் நீளம் குறித்த பேச்சுகளில் எப்போதும் முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு அது இரண்டாம் இடத்துக் கவலையாகவே படுகிறது. ராணுவத்தின் எம்855 என்ற 5.56 தோட்டா 20 அங்குலக் குழலில் நொடிக்கு ஏறத்தாழ 940 மீட்டர் வேகத்தில் வெளியேறும்; எம்16-இன் குட்டை வடிவமான 14.5 அங்குல எம்4-இல் அது 900-க்குச் சற்றுக் கீழே இறங்கும். இந்த எல்லைக்குள் ஓர் அங்குலத்துக்கு இழப்பது 10 மீட்டர் அளவுதான். 12 அங்குலத்துக்குக் கீழே போகப்போகத்தான் சரிவு செங்குத்தாகி, ஓர் அங்குலத்துக்கு 20 மீட்டர் வரை பறிபோகிறது. சைலன்சர் பூட்டுவதால் வேகம் குறையும் என்று பலர் எண்ணுவதுண்டு. உண்மையில் சைலன்சரைக் கடக்கும்போதும் வாயு குண்டைச் சற்றே தள்ளிக்கொண்டிருப்பதால் சில மீட்டர்கள் கூடவே செய்யும்.

உண்மையான சிக்கல் வாயுத் துளையில் இருக்கிறது. எம்16, எம்4 ஆகியவற்றை உள்ளடக்கிய ஏஆர்-15 வகை ரைஃபிளில் குழலின் நடுவே ஒரு சிறு துளை உண்டு. குண்டு அந்தத் துளையைத் தாண்டியதும் கொஞ்சம் வாயு அதன் வழியே மேலேறி, ஒரு மெல்லிய குழாயில் பின்னோக்கி ஓடி, போல்ட்டைத் திறந்து வெற்று உறையை வெளியே தள்ளும். துளையைத் தாண்டிய குண்டு குழல்வாயை விட்டு வெளியேறும்வரைதான் இந்த வாயு வழிக்கு அழுத்தம் கிடைக்கும். 20 அங்குல எம்16-இல் துளைக்கும் நுனிக்கும் இடையே சுமார் 7 அங்குலம் இருக்கிறது. எம்4-இல் குழலைக் குறைத்தபோது துளையையும் பின்னுக்குக் கொண்டுபோய், அதே 7 அங்குல இடைவெளியை விட்டார்கள். குண்டு அந்தத் தொலைவைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஒரு மில்லிநொடியில் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு கனமான போல்ட்டை அசைக்க வேண்டிய உந்துதல் முழுவதும் அந்த இடைவெளியில்தான் பெறப்பட்டாக வேண்டும். துளை பின்னுக்குப் போனதால் அது எடுக்கும் வாயுவின் அழுத்தம் முன்பைவிட மிக அதிகம். அதனால் எம்4-இன் பொறி, எம்16-ஐவிடக் கரடுமுரடாகவே இயங்குகிறது. இதே துளையை இடம் மாற்றாமல் குழலை 10.3 அங்குலமாக்கினால், துளைக்கு அப்பால் 3 அங்குலம்கூட மிஞ்சாது. உந்துதலுக்குக் கிடைக்கும் நேரம் பாதிக்கும் கீழே சுருங்கிவிடும். அந்தக் குறுகிய நேரத்தில் போதிய வாயுவைப் பெற ஒரே வழி துளையை அகலப்படுத்துவதுதான். அமெரிக்கக் கடற்படையின் 10.3 அங்குல எம்கே 18 ரைஃபிளில் அதைத்தான் செய்தார்கள்.

அகலமான துளையோடு ஓடும் அந்தத் துப்பாக்கியில் சைலன்சரைப் பூட்டிப் பாருங்கள். குண்டு போன பின்பும் குழலில் அழுத்தம் சட்டென்று வடியாது, ஏனெனில் வாயு வெளியேறும் வழியை சைலன்சர் தடுத்துக்கொண்டிருக்கிறது. துளை தேவைக்கு மேல் வாயுவைக் குடிக்கிறது. போல்ட் நேரத்துக்கு முன்பே, உறை இன்னும் குழலின் சுவரை இறுகப் பற்றியிருக்கும்போதே, பின்னோக்கி இழுக்கப்படுகிறது. உறையின் விளிம்பு கிழிகிறது, உறையைக் கொத்தி இழுக்கும் கொக்கி தேய்கிறது, தானியங்கி முறையில் சுடும் வேகம் ஏறுகிறது, மேகசினிலிருந்து தோட்டா மேலே வருவதற்குள் போல்ட் அதைத் தாண்டிப் போய்விடுகிறது. எஞ்சிய வாயு பின்பக்கம் வழியே சுடுபவரின் முகத்துக்கே வருகிறது. கண்ணெரிச்சல் அதன் சிறிய விளைவுதான். ஈயமும் செம்புத் துகளும் கலந்த அந்தப் புகையை நாள்தோறும் பயிற்சித் திடலில் மூச்சாக உள்ளிழுக்கும் வீரர்களின் உடல்நலம், விலைப்பட்டியலில் இடம்பெறாத ஒரு செலவு. குழல் நீளத்தைப் பற்றிப் பேசும்போது குண்டின் வேகத்துக்குத் தரும் மதிப்பில் பாதியையேனும் இந்தப் புகைக்குத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தீர்வுகள் இல்லாமல் இல்லை. துளையைச் சிறிதாக்கலாம்; ஆனால் பிறகு சைலன்சரைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி மக்கர் செய்யும். திருகு வைத்து வாயுவைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பைப் பூட்டலாம். போல்ட்டின் பின்னால் அதன் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபர் என்ற பாகத்தின் எடையைக் கூட்டலாம். வாயுவைத் தடுத்து நிறுத்தாமல் முன்னோக்கியே வழிந்தோட விடும் வகைச் சைலன்சர்களும் வந்துவிட்டன. எனினும் இவை எல்லாவற்றையும்விட அடிப்படையான திருத்தம், குழல் நீளத்துக்கும் துளை இருக்கும் இடத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சரிசெய்வதுதான். அமெரிக்கச் சிறப்புப் படைகள் எம்4-க்கு வாங்கிய மேம்பட்ட மேற்பகுதியில் குழல் அதே 14.5 அங்குலமாகவே இருக்க, துளை மட்டும் சுமார் 2 அங்குலம் முன்னால் நகர்த்தப்பட்டது. துளைக்கு அப்பால் இருக்கும் நீளம் 5 அங்குலமாகக் குறைந்தது. துளை எடுக்கும் வாயுவின் அழுத்தமும் குறைந்தது. சைலன்சர் அந்தக் குறைவை ஈடுகட்டுகிறது. 14.5 என்ற எண் மாறவே இல்லை, ஆனால் அது வேறொரு துப்பாக்கியாகிவிட்டது. குழல் நீளத்தை மட்டும் எண்ணாகச் சொல்வது ஏன் போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் தோட்டாவையே மாற்றிவிட்டால் குட்டைக் குழலும் நேர்மையான தேர்வாகிவிடும். 2011-இல் அமெரிக்கத் தர அமைப்பால் ஏற்கப்பட்ட .300 பிளாக்அவுட் தோட்டா இந்தச் சிக்கலைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. குழலுக்கேற்ற மருந்தைத் தேடாமல், குட்டைக் குழலிலும் சைலன்சரிலும் ஓடுவதற்கென்றே தோட்டாவை வடிவமைத்தார்கள். 5.56 உறையைக் குறுக்கி வாயை அகலப்படுத்தி, அதில் 7.8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டைப் பொருத்தினார்கள். உறைக்குள் இடம் குறைவு, குழலின் துவாரம் அகலம், மருந்தும் விரைவாக எரியும் வகை. முன்பு போட்ட அதே விரிவுக் கணக்கை இங்கே போட்டுப் பார்த்தால், 9 அங்குலக் குழலிலேயே வாயு ஆறரை மடங்கு விரிந்துவிடுகிறது, 5.56-க்கு அந்த நிலையை எட்ட ஏறத்தாழ 18 அங்குலம் தேவை. ஒலி வேகத்துக்குக் கீழே, நொடிக்கு 310 மீட்டர் அளவில் பறக்கும் 14 கிராம் கனக்குண்டுக்கு மருந்து ஒரு கிராம்கூட வேண்டியதில்லை. சைலன்சருக்கு மிஞ்சுவது மிகச் சிறிய வேலை. காற்றைக் கிழிக்கும் ஓசையும் எழாது. இத்தகைய தோட்டாவுக்கு 16 அங்குலக் குழல் வைப்பதில் பயன் மிகக் குறைவு. சோவியத் ஒன்றியமும் இதே முடிவுக்குத் தன் வழியில் வந்திருந்தது: 1980-களின் பிற்பகுதியில் பயன்பாட்டுக்கு வந்த விஎஸ்எஸ் என்ற துப்பாக்கி 9 மில்லிமீட்டர் கனக்குண்டை வெறும் 20 சென்டிமீட்டர் குழலில் சுடுகிறது, சைலன்சர் அதன் உடலின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

நேரெதிர்த் திசையில் சிந்தித்ததன் விளைவு அமெரிக்கத் தரைப்படையின் எம்7 ரைஃபிள். 2022 ஏப்ரலில் சிக் சாவர் நிறுவனத்தின் வடிவம் தேர்வானபோது, சைலன்சர் கூடுதல் பொருளாக அல்லாமல் துப்பாக்கியின் இயல்பான பாகமாகவே வந்தது. சைலன்சரோடு சேர்த்துக் கையாளத் தக்க நீளம் வேண்டும் என்பதால் குழல் 13 அங்குலத்தில் நிறுத்தப்பட்டது. அதில் இழக்கும் வேகத்தை 6.8 மில்லிமீட்டர் தோட்டாவின் உள்ளழுத்தத்தைக் கூட்டி மீட்டார்கள், 5.56-இல் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு அளவில் இருக்கும் உச்ச அழுத்தம் இதில் 80,000 வரை போகிறது, உறையின் அடிப்பகுதிக்குப் பித்தளை தாங்காது என்று எஃகு வைக்க வேண்டியதாயிற்று. குட்டைக் குழலின் விலையை இங்கே தோட்டாவும் குழலின் ஆயுளும் சைலன்சரின் உலோகமும் பங்கிட்டுக் கொடுக்கின்றன. மரைன் படையோ 2020 முதல் 16.5 அங்குலக் குழல் கொண்ட எம்27 ரைஃபிளிலேயே சைலன்சரைப் பூட்டியது. அங்கே வேகத்துக்குக் குறைவில்லை, நீளத்தை வீரர்தான் சுமக்கிறார்.

குடிமக்கள் விஷயத்தில் பொறியியலுக்கு முன்பே சட்டம் வந்து நிற்கிறது. அமெரிக்காவின் 1934-ஆம் ஆண்டுத் தேசியத் துப்பாக்கிச் சட்டம் குறைந்தபட்சக் குழல் நீளத்தை 18 அங்குலமாக வைத்தது. 1960-இல் ரைஃபிள்களுக்கு அது 16 ஆயிற்று. அதற்குக் குறைந்தால் பதிவு செய்ய வேண்டும், சைலன்சருக்கும் தனியாகப் பதிவு வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 200 டாலர் வரியும் இருந்தது. போல்ட்டை மூடி, குழல்வாய் வழியே ஒரு குச்சியைப் போல்ட்டின் முகம்வரை செருகி அளப்பதுதான் அளவு. நுனியில் பற்றவைத்து நிலையாகப் பொருத்திய உறுப்பின் நீளமும் கணக்கில் சேரும். இதனால்தான் 14.5 அங்குலக் குழலில் ஒன்றரை அங்குல உறுப்பை ஆணியடித்துப் பற்றவைக்கும் வழக்கம் அங்கே வேரூன்றியது. அந்த வரி சைலன்சருக்கும் குட்டைக் குழல் ரைஃபிளுக்கும் 2026 ஜனவரி 1 முதல் சுழியாகிவிட்டது; பதிவும் ஒப்புதலும் அப்படியே இருக்கின்றன, கலிபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் தனியாருக்குச் சைலன்சர் தடையும் நீடிக்கிறது. 16 என்ற எண்ணுக்குப் பொறியியலில் எந்தத் தனிச் சிறப்பும் இல்லை. வரிக்குப் பயந்து அதை வைத்திருந்தவர்கள் இப்போதுதான் தேவையைப் பார்த்துத் தேர்வு செய்யத் தொடங்கலாம்.

ஸ்காட்லாந்தின் மான் வேட்டையில் கேள்வி வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே சைலன்சர் வேட்டைக்காரரின் அன்றாடக் கருவி. கையால் போல்ட்டை இழுக்கும் ரைஃபிள் என்பதால் வாயுத் துளைத் தொல்லை கிடையாது. ஆகவே குழலை எவ்வளவு வேண்டுமானாலும் வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் செம்மான் வேட்டைக்கு 1985-ஆம் ஆண்டின் ஆணை, குண்டு நொடிக்கு 2,450 அடி வேகத்தோடும் 1,750 அடி-பவுண்டு ஆற்றலோடும் குழலை விட்டு வெளியேற வேண்டும் என்கிறது. பலர் வைத்திருக்கும் .243 தோட்டாவில் 100 கிரெய்ன் (சுமார் 6.5 கிராம்) குண்டு அந்த ஆற்றலை எட்ட நொடிக்கு ஏறத்தாழ 856 மீட்டர் வேகம் வேண்டும். 24 அங்குலக் குழலில் 900 மீட்டர் அளவில் போகும் அந்தக் குண்டு, ஓர் அங்குலத்துக்கு 9 அல்லது 10 மீட்டர் இழந்தால், 19 அங்குலத்தை ஒட்டியே சட்டத்தின் எல்லையைத் தொட்டுவிடும். 16 அங்குலமாக வெட்டிய .243 கைக்கு அடக்கமாக இருக்கும். செம்மானைச் சுட அது தகுதியற்றது. .308 வைத்திருப்பவருக்கு இந்த நெருக்கடி இல்லை. அது ஓர் அங்குலத்துக்கு 6 முதல் 8 மீட்டர் மட்டுமே இழக்கும் என்பதால் 18 அங்குலத்தில் தயங்காமல் நிற்கலாம். மிருகம் துன்பப்படாமல் உடனே சாக வேண்டும் என்பதற்காக வைத்த எல்லை அது, அதை வசதிக்காக நெருங்கிப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

கையில் பிடிக்கும்போது உணரப்படும் நீளம் குழலும் சைலன்சரும் சேர்ந்தது. 20 அங்குலக் குழலோடு 7 அங்குலச் சைலன்சர் சேர்ந்தால் கதவுச் சட்டத்தில் இடிக்காமல் திரும்ப முடியாது. குழல் நுனியில் அரைக் கிலோ தொங்கும்போது மெல்லிய நீண்ட குழல் சற்றே வளைந்து அதிர்வதும் மாறும்; குண்டு படும் இடம் நகரும். குட்டையான, தடித்த குழல் விறைப்பானது, அதில் இந்த நகர்வு குறைவு. குட்டைக் குழலின் பக்கம் உண்மையாகவே சாயும் வாதம் இதுதான். மறுபக்கம், எரியாத மருந்துத் துகள்கள் மணல் வீச்சுபோல் சைலன்சரின் முதல் தடுப்பை அரிக்கின்றன. டைட்டானியத்தில் செய்த இலகுவான சைலன்சர்களில் இந்த அரிப்பு விரைவு, தீப்பொறியும் பறக்கும். தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சைலன்சருக்கும் குறைந்தபட்சக் குழல் நீளம் குறிப்பிடுவது இதனால்தான். வாங்கும் முன் முதலில் படிக்க வேண்டிய வரி அது.

5.56-இல் ஒரே துப்பாக்கியில் சைலன்சரை நிரந்தரமாக வைத்துக்கொள்ளப் போகிறவருக்கு, துளை முன்னால் நகர்த்தப்பட்ட 14.5 அங்குலத்தையே நான் சொல்வேன். இடநெருக்கடி உண்மையாகவே இருந்தால் 12.5 வரை இறங்கலாம். 10.3-க்குப் போகும் எண்ணம் வந்தால், அந்த இடத்தில் குழலை வெட்டுவதற்கு முன் தோட்டாவை மாற்றிப் பார்ப்பது நல்லது: 9 அங்குல .300 பிளாக்அவுட் அதைவிடக் குட்டை, அதைவிட அமைதி, சுடுபவரின் முகத்துக்கு வரும் புகையும் அதில் குறைவு.